விந்தை நிரல்மொழி வரிமொழிமாற்றி

விந்தை நிரல்மொழி என்பது அன்றாடக் கணினிப் பணிக்காக அன்றி, வேடிக்கைக்காகவோ, ஒரு நிரல்மொழி எவ்வளவு சிறிதாகவும் எவ்வளவு கடினமாகவும் இருக்க முடியும் என்று சோதித்துப் பார்ப்பதற்காகவோ உருவாக்கப்படும் மொழியாகும். அம்மொழியில் எழுதிய நிரலைப் படித்து, கட்டளைகளை அவ்வப்போதே நிறைவேற்றும் மென்பொருள் வரிமொழிமாற்றி, அதாவது இன்டர்பிரெட்டர், எனப்படும். நிரல் முழுவதையும் முன்கூட்டியே வேறு வடிவத்துக்கு மாற்றிவைப்பது தொகுப்பி, அதாவது கம்பைலர் ஆகும்.

இவ்வகையில் மூத்தது இன்டர்கால். 1972இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்ற டான் வுட்ஸ், ஜேம்ஸ் லியான் ஆகியோர் அக்கால நிரல்மொழிகளைக் கேலி செய்ய அதனை இயற்றினர். கட்டளைகளுக்கு முன் ‘பிளீஸ்’ என்னும் சொல் போதிய அளவு வராவிடில் நிரல் மரியாதையற்றது என்றும், அளவுக்கு மீறி வந்தால் மிகையாகக் குழைவது என்றும் அதன் தொகுப்பி தள்ளிவிடும். இருபது ஆண்டுகளுக்குப் பின் கேலியின் இடத்தைச் சுருக்கம் பிடித்தது. வவுட்டர் வான் ஓர்ட்மெர்சன் 1993இல் அமிகா கணினிக்கு ஆக்கிய ஃபால்ஸ் மொழியின் தொகுப்பி 1024 பைட்டுகளில் அடங்கியது. அதனினும் சிறிதாக ஒன்றை ஆக்க முனைந்த ஊர்பன் முல்லர் அதே ஆண்டில் பிரெயின்ஃபக் மொழியையும் அதற்கு 296 பைட்டுகளில் ஒரு தொகுப்பியையும் வெளியிட்டார். பெயர் நாகரிகமற்றதாயினும், வரிமொழிமாற்றி எழுதப் பழகுவோர்க்கு அரிச்சுவடியாக அமைந்தது இம்மொழியே. 1998இல் பென் ஓம்ஸ்டெட் ஆக்கிய மால்போல்ஜ் வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டது. 2003 ஏப்ரல் முதல் நாள் வெளிவந்த ஒயிட்ஸ்பேஸ், கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை எல்லாம் புறக்கணித்து, இடைவெளி, தாவல், வரிமுறிவு ஆகியவற்றை மட்டுமே கட்டளையாகக் கொள்வது.

பிரெயின்ஃபக் மொழிக்கு எட்டுக் குறிகளே உண்டு. 30,000 எண் அறைகள் கொண்ட ஒரு வரிசையும் அதில் நகரும் ஒரு சுட்டியும் அதன் முழு உலகம். ++++++++[>+++++++++<-]>. என்னும் நிரல் முதல் அறையில் 8 வைத்து, அது சுழியாகும்வரை அதில் ஒன்றைக் கழித்து அடுத்த அறையில் ஒன்பதைக் கூட்டுவதால், இரண்டாம் அறையில் 72 சேர்கிறது. ஆஸ்கி அட்டவணையில் 72 என்பது ஹெச் என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தாதலால் திரையில் அதுவே தோன்றும். எட்டுக் குறிகளுள், மடக்கின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் சதுர அடைப்புகள் மட்டுமே வரிமொழிமாற்றி எழுதுவோரைச் சிந்திக்க வைப்பவை. திறக்கும் அடைப்பின் இடத்தை அடுக்கு, அதாவது ஸ்டாக், ஒன்றில் இட்டு, மூடும் அடைப்பு வந்ததும் எடுத்து இணை சேர்த்து, முன்கூட்டியே அட்டவணையாக்கிக் கொள்வது முறை. ஒவ்வொரு சுற்றிலும் இணையைத் தேடி நிரலை நடந்து பார்க்கும் வரிமொழிமாற்றி வேலை செய்யும், ஆனால் ஊர்ந்து செல்லும். உள்ளீட்டைப் படிக்கும் குறி வரும்போது உள்ளீடு தீர்ந்திருந்தால் அறையில் சுழி இடுவதா, கழித்தல் ஒன்று இடுவதா, இருந்ததை விட்டுவிடுவதா என்பதில் ஆக்குநர்கள் வேறுபடுவர். இருந்ததை விடுவதே மொழியின் எளிமைக்கு ஒத்தது.

தமிழர் சூழலில் விந்தை நிரல்மொழிக்குச் சான்று ரஜினி++. ரஜினிகாந்த் பட வசனங்களே இதன் கட்டளைகள். ‘லெட்ஸ் ஸ்டார்ட்’ என்று தொடங்கும் நிரல் ‘மகிழ்ச்சி’ என்று முடியும், மடக்குக் கட்டளையாக ‘பாபா கவுன்டிங் ஸ்டார்ட்ஸ்’ வரும். சொற்கள் ரோமன் எழுத்தில் அமைந்தமையால் எழுத்துச் சிக்கல் எழவில்லை. எனினும் ஒரு கட்டளை பல சொற்களால் ஆவதால், இடைவெளி கண்ட இடத்தில் வெட்டாமல் வசனம் முழுவதையும் ஒரே சொற்கூறாக எடுக்கவேண்டியிருக்கிறது.

முத்து அண்ணாமலை 2007இல் தொடங்கி 2013இல் திறமூலமாக வெளியிட்ட எழில் என்னும் நிரல்மொழி, மாணவர்க்குத் தமிழிலேயே நிரலாக்கம் கற்பிக்க எழுந்ததாதலின் விந்தை மொழிகளோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று. ஆயினும் ரஜினி++ தவிர்த்துக்கொண்ட சிக்கல்களை நேர்நின்று தீர்த்தது எழிலே. தமிழ்த் தொடரில் நிபந்தனை முன்னும் ‘ஆனால்’ பின்னும் வருவதால், எழிலில் @( அ > 5 ) ஆனால் என்றே எழுதப்படும். நிபந்தனை தொடங்குவதை வரிமொழிமாற்றிக்கு முன்னரே உணர்த்த @ குறி உதவுகிறது. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல் யூனிகோடில் ஐந்து குறிமதிப்புகளாகச் சேமிக்கப்படுவது மற்றொரு சிக்கல். மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தல்ல என்று கொள்ளும் வழக்கமான சோதனை, மாறியின் பெயரை நடுவிலேயே வெட்டிவிடும். இதற்கான தீர்வுகள் பின்னர் ஓபன்-தமிழ் என்னும் தனி நிரலகமாக வளர்ந்தன.

எழில், ரஜினி++ ஆகிய இரண்டின் வரிமொழிமாற்றிகளும் பைத்தானில் எழுதப்பட்டவை. இன்று இரண்டும் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.