கூரையில் பூத்த வசந்தம்

தில்லி மாநகரில் பங்குனி பிறக்கும் தறுவாயில் இலவ மரங்கள் இலைகளையெல்லாம் உதிர்த்துவிட்டுச் செக்கச் செவேலென்று பூத்து நிற்பதைக் காணலாம். அந்தக் காலத்தில்தான் மத்திய சர்க்கார் அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணியாற்றும் நம் போன்றோரின் மேசைக்குச் சுற்றுலாப் பிரசுரங்கள் வந்து சேரும். 'காஷ்மீரத்து வசந்தத்தைக் காண வாரீர்' என்று அவை அழைக்கும். அழைப்பைத் தமிழாக்குவது எளிது. ஆனால் 'வசந்தம்' என்னும் சொல்லில் பேனா ஒரு கணம் தயங்கி நிற்கும்.

ஆண்டினை ஆறு பருவங்களாக வகுத்த தமிழர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். வேனில் என்றால் வெம்மை. இளவேனில் என்றால் இளைய வெம்மை. நமக்கு வசந்தம் என்பது வரவிருக்கும் கோடையின் வாயில். காஷ்மீரத்தாருக்கோ அது கடந்து போன குளிரின் முடிவு. அவர்கள் அதனை 'ஸோந்த்' என்பர். டிசம்பர் 21ஆம் தேதி தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிர் 'சில்லை கலான்' எனப்படும். அடுத்த 20 நாள் 'சில்லை குர்த்'. அதன்பின் 10 நாள் 'சில்லை பச்சா'. பெரிய குளிர், சின்னக் குளிர், குழந்தைக் குளிர் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். இந்த எழுபது நாளையும் எண்ணி எண்ணிக் கழித்தவர்களுக்கே ஸோந்தின் அருமை தெரியும். ஆகவே காஷ்மீரத்து மலர்களைக் காணப் போகிறவர் கண்களை மட்டும் கொண்டு போனால் போதாது. அந்நாட்டு மக்கள் மலர்களோடு எப்படி வாழ்ந்தனர் என்னும் வரலாற்றையும் சிறிது அறிந்து செல்வது நலம்.

அவ்வரலாறு மிகப் பழையது. காஷ்மீரத்தின் தல புராணம் என்று சொல்லத்தக்க நீலமத புராணம், அந்நாட்டு மக்கள் கொண்டாட வேண்டிய விழாக்களை வரிசையாகக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று மலர் விழா. 'இரா' என்னும் செடி பூக்குங்காலத்தில் மக்கள் அச்செடிகள் நிறைந்த தோட்டத்துக்குச் சென்று, அப்பூங்கொத்துக்களால் பூசித்து, உண்டு மகிழ வேண்டும் என்பது அதன் விதி. பூவைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவருவதோடு நில்லாமல், பூ இருக்குமிடம் தேடிப் போவதையே ஒரு விழாவாக்கிய நாடு அது. 1148-49ஆம் ஆண்டுகளில் ராஜதரங்கிணியை இயற்றிய கல்ஹணர், தம் நாட்டில் எளிதாகக் கிடைக்கும் அரிய பொருள்களைக் கூறப் புகுந்து, கல்வி, உயர்ந்த மாளிகைகள், குளிர்நீர், திராட்சை ஆகியவற்றோடு குங்குமப்பூவையும் சேர்த்துச் சொன்னார்.

இனி, கூரைக்கு வருவோம். பழைய காஷ்மீரத்து வீடுகள் மரத்தாலானவை. இரண்டு, மூன்று, நான்கு மாடிகள் கொண்டவை. கூரைப் பலகைகளின் மீது பூர்ஜ மரத்தின் பட்டைகளை அடுக்கடுக்காகப் பரப்புவர். காகிதம் வருவதற்கு முன் அந்நாட்டுப் புலவர்கள் நூல் எழுதியது எந்தப் பட்டையிலோ, அதே பட்டைதான் வீட்டுக்குள் நீர் இறங்காமல் காத்தது. பட்டையின் மேல் மண்ணைக் கொட்டிப் பரப்புவர். மண் குளிரைத் தடுக்கும். மண்ணில் புல்லும் பூண்டும் வளர்ந்தால் அவற்றின் வேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். மழையில் அது கரைந்து போகாது. அந்த மண்ணில்தான் காஷ்மீரத்தார் துலிப் மலரின் கிழங்குகளை நட்டனர். குளிர்காலம் முழுவதும் பனியின் கீழ் உறங்கிய கிழங்குகள், ஸோந்த் வந்ததும் தாமே விழித்துப் பூத்தன. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் காவல் இருக்கவில்லை. ஏழை வீட்டுக் கூரையும் தோட்டமாயிற்று. தொழுகைப் பள்ளியின் கூரையும் தோட்டமாயிற்று.

இதனை நமக்கு எழுதி வைத்தவர் ஒரு சக்கரவர்த்தி. அக்பர் 1586இல் காஷ்மீரத்தைத் தம் பேரரசோடு இணைத்தார். அவருடைய மைந்தர் ஜஹாங்கீர், அரியணை ஏறிப் பதினைந்து ஆண்டுகள் ஆகும் வேளையில், வசந்தத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்னும் ஒரே ஆவலால் காஷ்மீரத்துக்குப் புறப்பட்டார். பீர் பஞ்சால் கணவாய் பனி மூடிக் கிடந்தமையால், சுற்று வழியாகிய பக்லிப் பாதையில் சென்று, 1620 மார்ச்சு மாதத்தில் பள்ளத்தாக்கை அடைந்தார். அரசியல் அவசரம் எதுவும் அவரை அங்கே இழுக்கவில்லை. பாதாம் மரம் பூக்கும் நாட்கள் சில. அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே அவசரம். பேரரசர் ஒருவர் பூவின் நாட்குறிப்புக்குத் தம் படையின் நடையை ஒத்திசைத்த நிகழ்ச்சி, உலக வரலாற்றில் அடிக்கடி காணக்கூடியதன்று.

ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளைப் பாரசீகத்தில் எழுதினார். அலெக்சாண்டர் ராஜர்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, ஹென்றி பெவரிட்ஜ் பதிப்பித்து, 1909இலும் 1914இலும் இரு தொகுதிகளாக அது வெளிவந்தது. அந்நூலில்தான் கூரைத் துலிப்பைப் பற்றிய செய்தி உள்ளது. இவ்வழக்கம் காஷ்மீரத்தாருக்கே உரியது என்று அவர் வியக்கிறார். அவ்வாண்டு தலைமைப் பள்ளிவாசலின் கூரையிலும் துலிப் செழித்துப் பூத்ததைக் குறிப்பிடுகிறார். காஷ்மீரத்து மலர்கள் எண்ணிக்கையில் அடங்கா என்றும், தம் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டியவை மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை என்றும் எழுதுகிறார். அந்த நூற்றில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் நூலகச் சேகரத்தில் உள்ளது. அது ஒரு செந்நிறத் துலிப்.

மன்னர் பூவைக் கண்டு மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. தால் ஏரியின் வடகிழக்கே ஓடைநீரை அணைகட்டித் திருப்பி, ஷாலிமார் தோட்டத்தை அமைப்பித்தார். 1619ஆம் ஆண்டளவில் தொடங்கிய அப்பணியில் இளவரசர் குர்ரம், பின்னாளில் ஷாஜஹான் எனப் பெயர் பெற்றவர், முன்னின்றார். 1633இல் ஆசஃப் கான், ஏரிக்கரையில் பன்னிரண்டு படிநிலைகளோடு நிஷாத் தோட்டத்தை அமைத்தார். ஜஹாங்கீர் மீண்டும் மீண்டும் காஷ்மீரம் சென்றார். 1627 அக்டோபரில் அங்கிருந்து லாகூருக்குத் திரும்பும் வழியிலேயே உயிர் நீத்தார்.

இந்த இடத்தில் நாம் ஒரு கணம் நின்று மற்றொரு மலரையும் நோக்க வேண்டும். குங்குமப்பூ ஐப்பசி, கார்த்திகையில் பாம்பூர் மேட்டுநிலங்களில் பூப்பது. ஒரு கிலோ குங்குமப்பூ சேர ஏறத்தாழ 1,50,000 மலர்களைக் கையால் கொய்து, ஒவ்வொன்றிலும் உள்ள மூன்று செந்நிற இழைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்நாளில் இவ்வேலைக்கு ஊர் மக்களைப் பிடித்து வந்து கட்டாயமாகச் செய்வித்தனர். கூலியாகக் கிடைத்தது சிறிது உப்பு. இக்கொடுமையை நிறுத்த வேண்டுமென்று ஷாஜஹான் பிறப்பித்த ஆணை, ஸ்ரீநகர் ஜாமி பள்ளிவாசலில் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. தோட்டங்களின் அழகைப் புகழும் நூல்கள் பல. மலர் கொய்தவரின் துன்பத்துக்குச் சான்று கூறும் அந்தக் கல்லையும் பயணிகள் தேடிப் பார்க்க வேண்டும். மலரைக் காண்பது ஒருவருக்கு இன்பமாகவும், அதே மலரைக் கொய்வது மற்றொருவருக்கு வெட்டிவேலையாகவும் இருந்த காலம் அது என்பதை அக்கல் மறைக்கவில்லை.

ஆகவே காஷ்மீரத்து வசந்தத்துக்கு இரண்டு மரபுகள் உண்டென்று சொல்லலாம். ஒன்று, மதிலும் வாயிலும் நீர்த்தாரையும் கொண்ட அரசர் தோட்டம். மற்றொன்று, மதிலில்லாத மக்கள் தோட்டம். இரண்டாவது மரபுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, ஹரி பர்வத மலையடியில் உள்ள பாதாம்வாரி. பாதாம் மரத்தில் இலை தோன்றுமுன் பூ தோன்றும்; மார்ச்சு நடுவில் தொடங்கி ஏறத்தாழ இரு வாரம் அத்தோப்பு வெள்ளையும் இளஞ்சிவப்புமாக இருக்கும். ஸ்ரீநகரத்துக் குடும்பங்கள் ஸமோவரைத் தூக்கிக்கொண்டு அங்கே சென்று, மரத்தடியில் விரிப்பு விரித்துத் தேநீர் அருந்திப் பொழுது போக்குவது வழக்கம். கலகமும் அச்சமும் சூழ்ந்த 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வழக்கம் தேய்ந்து, தோப்பும் பராமரிப்பின்றிக் கிடந்தது. 2008இல் அது சீரமைக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது.

கூரைத் துலிப் மட்டும் மீளவில்லை. இருபதாம் நூற்றாண்டில் நெளிதகரம் வந்தது. தகரக் கூரையில் பனி தங்காமல் சறுக்கி விழும், மழை ஒழுகாது, ஆண்டுதோறும் மண் போட்டுத் திருத்தும் வேலையும் இல்லை. குளிரில் நடுங்கி வாழும் மனிதர் இவ்வசதியை விரும்பியதில் குற்றம் காண நாம் யார்? எனினும் ஒவ்வொரு வீட்டின் மேலும் பூத்த ஒரு தோட்டம், ஓசையின்றி ஒரு தலைமுறையில் மறைந்தது என்பதும் மெய்யே. அரசர் தோட்டம் அழிந்திருந்தால் அதைக் குறித்து நூல்கள் எழுந்திருக்கும். குடியானவன் கூரை அழிந்ததற்கு அவை எழவில்லை.

2007இல் ஜபர்வான் மலையடிவாரத்தில், ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பில், இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டம் திறக்கப்பட்டது. இன்று ஆண்டுதோறும் 15 லட்சத்துக்கு மேற்பட்ட கிழங்குகள் அங்கே பூக்கின்றன. கிழங்குகள் ஹாலந்து நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. துலிப் ஹாலந்தின் பூர்விகப் பூவன்று. ஆசிய மலைகளில் தோன்றித் துருக்கியர் வழியாக ஐரோப்பா சேர்ந்து, 1593இல் லைடன் நகரத்துக்கு வந்த குளூசியஸ் என்னும் தாவர அறிஞரின் கையால் அந்நாட்டில் வேரூன்றியது. அவர் பெயரையே தாங்கிய 'துலிப்பா குளூசியானா' என்னும் காட்டு இனம் காஷ்மீரத்திலும் இயல்பாக வளர்கிறது. கூரையிலிருந்து இறங்கிப்போன மலர், கடல் கடந்து பெட்டியில் அடைபட்டு, நுழைவுச் சீட்டோடு திரும்பி வந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. திரும்பி வந்ததில் மகிழ்ச்சியே. பல்லாயிரம் பேர் அதனைக் கண்டு களிக்கின்றனர். ஆனால் அது முன்பு எங்கே பூத்தது என்பதை மறக்காமலிருப்பது நம் கடமை.

மலர் காணும் பயணம் எப்போதும் அச்சமற்றதாக இருந்துவிடவில்லை. 2025 ஏப்ரல் 22ஆம் தேதி, பஹல்காம் அருகே பைசரன் புல்வெளியில், சுற்றுலாப் பயணிகளும் உள்ளூர்க் குதிரைக்காரர் ஒருவருமாக 26 பேர் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டனர். மலையழகைக் காண வந்தவரும் அதைக் காட்ட வந்தவரும் ஒன்றாக மடிந்த அந்நாளை நினையாமல் காஷ்மீரத்து வசந்தத்தைப் பற்றிப் பேசுவது தகாது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி ரயில் ஓடத் தொடங்கியது. ஜஹாங்கீருக்குப் பல மாதம் பிடித்த வழியில் இன்று சில மணி நேரத்தில் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம்.

முதன்முறை நாம் காஷ்மீரம் சென்றபோது விடுமுறை கிடைத்தது வைகாசியில். 'இளவேனில்தானே' என்று தமிழ்க் கணக்கை நம்பிப் போனோம். பாதாம்வாரியில் பச்சை இலையும் பிஞ்சுமே இருந்தன. துலிப் தோட்டம் மூடப்பட்டிருந்தது. அன்று நமக்கு ஆறுதல் தந்தது ஒரு சிற்றூரின் இடுகாடு. கல்லறைகளின் மேல் ஊதாவும் வெள்ளையுமாக ஐரிஸ் மலர்கள் பூத்துக் கிடந்தன. நீத்தோர் மேல் அம்மலரை வளர்ப்பது அந்நாட்டார் வழக்கம். அருகில் நின்ற முதியவர் ஒருவரிடம், பழைய மண்கூரையைத் தாம் பார்த்ததுண்டா என்று வினவினோம். அவர் தம் வீட்டுத் தகரக் கூரையை நிமிர்ந்து நோக்கி, சிறுவயதில் அங்கே ஏறிப் பூப் பறித்து அடிவாங்கியதாகச் சொல்லிச் சிரித்தார். எந்தத் தோட்டத்திலும் கிடைக்காத வசந்தம் ஒன்றை அச்சிரிப்பில் கண்டோம்.

ஆதலால் பயணம் செய்ய விழையும் நேயர்கள் இதனை நினைவில் கொள்க. பாதாம் பூவைக் காண மார்ச்சின் பிற்பகுதி. துலிப்பையும் வயல்வெளிகளில் கடுகின் மஞ்சளையும் காண ஏப்ரல் முற்பகுதி. ஆப்பிள் பூவைக் காண ஏப்ரலின் நடுப்பகுதிக்கு மேல். ஐரிஸைக் காண மே மாதம். மழையும் வெயிலும் இக்கணக்கைச் சில நாள் முன்பின்னாக மாற்றக்கூடும். அரசர் தோட்டங்களைக் காணுங்கள்; அவை காணத்தக்கவை. ஆனால் ஸ்ரீநகரத்தின் பழைய தெருக்களில் நடக்கும்போது ஒருமுறை தலை நிமிர்ந்து கூரைகளையும் பாருங்கள். அங்கே இப்போது தகரம் பளபளக்கும். அதன் மேல் ஒரு காலத்தில் துலிப் பூத்திருந்தது என்பதை அறிந்தவர் கண்ணுக்கு, அவ்வூரின் வசந்தம் இன்னும் சற்று நிறைவாகத் தோன்றும்.