கிளையே விடாத மரமும் கிளை விட வைக்கும் மருந்தும்

திருவண்ணாமலை கிரிவலம் மொத்தம் 14 கிலோமீட்டர். அடி அண்ணாமலை வரும்போது ஏறக்குறைய பாதி முடிஞ்சிருக்கும். ஒரு இளநீர் குடிக்கலாம்னு தோணும். குடிக்கும்போது தென்னையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. ஒரே குருத்து, ஒரு கிளைகூட கிடையாது. ஆனா மத்த மரங்களைக் கிளை விட வைக்கிற ஹார்மோனைத் தேடின கதையில இந்தத் தண்ணிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு மாங்கன்று ஏன் குச்சி மாதிரி உசரமா மட்டும் வளருது? 1933-ல் கென்னத் திமன், ஃபோல்க் ஸ்கூக் ரெண்டு பேரும் அவரைக் குடும்பத்துச் செடி ஒண்ணோட நுனியை வெட்டினாங்க. பக்க மொட்டுகள் முளைச்சது. வெட்டின இடத்துல ஆக்சின் வெச்சா, மொட்டுகள் அடங்கியே இருந்தது. அதாவது, நுனியில உருவாகிற ஆக்சின் கீழே இறங்கி, "நீங்க பொறுங்க"ன்னு சொல்லுது.

இதுக்கு எதிர் சிக்னல் எது? 1941-ல் வான் ஓவர்பீக் குழு, முதிராத ஊமத்தைக் கருக்களைத் தேங்காய்த் தண்ணி சேர்த்து வளர்த்துக் காட்டினாங்க. அப்புறம் ஸ்கூக்கோட விஸ்கான்சின் ஆய்வகமும் புகையிலைத் திசுவுக்கு அதையே கொடுத்துப் பார்த்தது. செல்கள் பிரிய ஆரம்பிச்சது. அதுல அப்படி என்ன இருக்குன்னு தேடிப் போனவங்க, 1955-ல் பிடிச்சது கைனெடின். ஆனா அது கிடைச்சது தேங்காயில இல்ல, ஹெர்ரிங் மீனோட விந்தணு டிஎன்ஏவுல! 1958-ல் விக்சனும் திமனும் பட்டாணிச் செடியில கைனெடின் கொடுக்க, ஆக்சின் அடக்கின மொட்டுகள் வளர்ந்தது. அந்தக் குடும்பத்துக்குப் பேர் சைட்டோகைனின். தேங்காய்த் தண்ணிக்குள்ள இருந்த சைட்டோகைனின் எதுன்னு 1974-ல்தான் லெத்தம் அடையாளம் கண்டார்.

இன்னிக்கு ஆப்பிள் நர்சரிகள்ல இளங்கன்றுக்கு அடிக்கிற பென்சைல் அடினைனும் இதே குடும்பம்தான். அது செடிக்குள்ள அதிகம் நகராது; மொட்டு மேலயே படணும். அதனால வேர்ல இளநீர் ஊத்தினா கிளை வரும்னு நம்பிடாதீங்க.

நம்ம ஊர் விவசாயி இதை விரல் நகத்தாலயே செய்றார். செடிமுருங்கை 75 சென்டிமீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளி விடுவாங்க. ஆக்சின் வர்ற இடமே போயிடுச்சு, பக்கக் கிளை வந்துடும். செலவு பூஜ்யம். மாடித்தோட்டத்துக்கு ஒரு பாட்டில் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, முதல்ல நுனியைக் கிள்ளிப் பாருங்க. மருந்து தேவைப்படுறது, நுனியை வெட்டாமலே ஆயிரக்கணக்கான கன்றுகள்ல கிளை எடுக்கணும்ங்கிற நர்சரிக்காரருக்கு.