காசுகளில் அச்சுத் தடமும் சேதமும்

பழங்காசின் மேல் காணப்படும் கோடு, குழி, வெட்டு எல்லாமே சேதம் ஆகிவிடா. சில, காசு அடிக்கப்படும்போதே உண்டானவை. சில, காசு கைமாறிய காலத்தில் வேண்டுமென்றே இடப்பட்டவை. எஞ்சியவையே தேய்மானமும் காயமும் ஆகும். இம்மூன்றையும் பிரித்தறிவது காசின் தரத்தை மதிப்பிடுவதற்கும் காலத்தைக் கணிப்பதற்கும் முதற்படியாகும்.

திருவானைக்காவல் புதையல்

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் – அகிலாண்டேசுவரி கோயில் வளாகத்தில் நிலத்தைத் தோண்டியபோது, ஏறத்தாழ 7 அடி ஆழத்தில் ஒரு பாத்திரம் கிடைத்தது. அதில் 505 பொற்காசுகள் இருந்தன. அவற்றின் மொத்த எடை 1.716 கிலோகிராம், அதாவது ஒரு காசின் சராசரி எடை சுமார் 3.4 கிராம்.

தென்னிந்தியாவில் விஜயநகரக் காலம் முதல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் வரை வழங்கிய வராகனின் எடையும் ஏறத்தாழ இதுவே. எனினும் வராகனைப் பல அரசுகள் பல நூற்றாண்டுகள் அடித்தன. ஆகவே எடையை மட்டும் கொண்டு காலத்தைக் கூற இயலாது. முகப்பில் உள்ள உருவம், எழுத்து, புள்ளி ஆகியவையே சான்று. அவற்றை அழுக்கு அல்லது கீறல் என எண்ணித் தேய்த்துவிட்டால் அச்சான்று மீளாது.

அச்சடிப்பில் உண்டாகும் தடங்கள்

முற்காலத்தில் கீழ் அச்சின் மீது உலோக வில்லையை வைத்து, மேல் அச்சைச் சம்மட்டியால் அடித்தனர். அச்சைவிட வில்லை சிறியதாக இருந்தால் உருவத்தின் ஒரு பகுதி மட்டுமே பதியும். வில்லை சற்று நகர்ந்தால் உருவம் ஓரத்துக்குச் செல்லும். இருமுறை அடித்தால் கோடுகள் இரட்டையாகத் தோன்றும். அடியின் வேகத்தில் விளிம்பு வெடிப்பதும் உண்டு. இவை எவையும் பிற்காலச் சேதம் அல்ல.

சென்னையில் கம்பெனி வெளியிட்ட நட்சத்திர வராகனின் ஒரு முகத்தில் திருமால் உருவமும், மறுமுகத்தில் நெருக்கமான புள்ளிகளின் நடுவே ஒரு நட்சத்திரமும் உள்ளன. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு அம்முகம் அரிக்கப்பட்டதுபோல் தோன்றும். உண்மையில் அது அச்சிலேயே அமைந்த வடிவம்.

மேடும் பள்ளமும்

அச்சில் விரிசல் விழுந்தால், அப்பள்ளத்தில் உலோகம் புகுந்து காசில் மேடான கோடாக எழும். காசின் மேல் பின்னர் விழும் கீறலோ பள்ளமாக இருக்கும். அதன் இருமருங்கிலும் உலோகம் ஒதுங்கி நிற்கும். உருப்பெருக்கியைக் கொண்டு, பக்கவாட்டில் ஒளி விழச் செய்து பார்த்தால் இவ்வேறுபாடு தெரியும். ஒரே அச்சில் அடித்த வேறு காசுகளிலும் அதே இடத்தில் அதே கோடு இருப்பின், அது அச்சின் குறை என உறுதி செய்யலாம்.

இன்றைய இந்திய நாணயங்களில் ஆண்டின் கீழுள்ள சிறு குறி நாணயச்சாலையைக் காட்டுகிறது. மும்பைக்குச் சாய்சதுரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. இக்குறிகளும் மேடாகவே அமைந்திருக்கும்.

வேண்டுமென்றே இடப்பட்டவை

பள்ளமான தடங்கள் எல்லாம் விபத்தால் நேர்ந்தவை என்றும் கொள்ளலாகாது. சராப்புகள் எனப்பட்ட நாணய வணிகர் வெள்ளியின் தூய்மையைச் சோதித்துச் சிறு முத்திரைகளைக் குத்தினர். சேகரிப்போருள் சிலர் இதனைக் குறையாக மதிப்பர். வரலாற்று மாணவருக்கோ இது காசு புழங்கியதற்கான சான்று.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகள். அவற்றுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை மீது உளியால் வெட்டப்பட்டுள்ளது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்த வெட்டு தற்செயலாக இருக்க முடியாது. அவை மீண்டும் நாணயமாகச் செல்லாதிருக்கவே இவ்வாறு செய்யப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தர மதிப்பீட்டில் இவை சேதமடைந்த காசுகள். ஆயினும் ரோமானியத் தங்கம் தமிழகத்தில் எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அறிய அவ்வெட்டுகளே துணைபுரிகின்றன.

பாதுகாப்பு

பழங்காசைப் புளி, எலுமிச்சை, சாம்பல், மெருகுப் பொடி கொண்டு துலக்குதல் கூடாது. துலக்கிய காசில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் விழும், மதிப்பும் குறையும். விளிம்பைப் பிடித்தே கையாள வேண்டும். நிலத்தில் கிடைக்கும் புதையலை 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தல் கடமையாகும். காசுகளைப் பிரிக்காமல், பாத்திரத்துடன் ஒப்படைத்தால்தான் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது அச்சின் தடம், எது பிற்காலக் காயம் என ஆய்வாளர் தெளிய இயலும்.