கழுத்துக் கட்டியின் படம்

கழுத்துக் கட்டியை விரலால் அழுத்திப் பார்ப்பதைத்தான் மக்கள் நெடுங்காலம் அறிந்திருந்தார்கள்.

1950 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெனடிக்ட் காசன் ஒரு கருவி செய்தார். நோயாளி குடிக்கும் கதிரியக்க அயோடின் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் சேரும். கருவி கழுத்தின்மேல் வரிவரியாக நகர்ந்து, கதிர் வரும் இடங்களைத் தாளில் பதியும். பதிவு விழாத கட்டிகள்மேல்தான் சந்தேகம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல!

இந்தியாவிலும் இத்தகைய மருத்துவத்துக்காக 1963இல் மும்பையில் கதிரியக்க மருத்துவ மையம் தொடங்கியது.

பின்னர் அல்ட்ராசவுண்ட் கடுகளவு முடிச்சையும் காட்டியது. தென்கொரியாவில் நலமாயிருந்தோரையும் ஸ்கேன் செய்ததால், 1993ஐவிட 2011இல் தைராய்டு புற்றுநோய்ப் பதிவு 15 மடங்கானது. இறப்போ குறையவில்லை. அறுவை சிகிச்சையில் சுரப்பியை இழந்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்கினார்கள். வேதனையான கணக்கு இது. 2014இல் மருத்துவர்கள் இத்தகைய ஸ்கேன் குறித்து எச்சரித்த பிறகே அறுவை சிகிச்சைகள் சரிந்தன.