பௌரல் பிள்ளைகளின் பற்கள்

பல்லில் சொத்தை விழுவது ஏன்? "சரியாகப் பல் துலக்காததால்" என்றே நம்மில் பலர் விடை கூறுவோம். இந்த விடை முழு உண்மைதானா என்று அறிய ஆஸ்திரேலியாவுக்குச் சென்று வருவோம், வாருங்கள்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சிட்னி நகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள சிற்றூர் பௌரல். அங்கே 1942-ஆம் ஆண்டில் எல். ஓ. பெய்லி என்ற வணிகர் ஒரு மாளிகையைக் குழந்தைகள் இல்லமாக மாற்றினார். 'ஹோப்வுட் இல்லம்' என்பது அதன் பெயர். போர்க்காலத்தில் பெற்றோரால் வளர்க்க இயலாத எண்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கு வளர்ந்தனர்.

இயற்கை உணவில் பெய்லிக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது. தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, கஞ்சி, பழங்கள், பச்சைக் காய்கறிகள், பால், வெண்ணெய், முட்டை ஆகியவையே பிள்ளைகளின் உணவு. வெண்சர்க்கரையும் வெள்ளை மாவும் ஏறக்குறைய அறவே ஒதுக்கப்பட்டன.

1947 முதல் 1962 வரை ஆராய்ச்சியாளர்கள் இப்பிள்ளைகளின் பற்களைச் சோதித்து, அம்மாநில அரசுப் பள்ளி மாணவர்களின் பற்களுடன் ஒப்பிட்டனர். 13 வயதில், அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்குச் சராசரியாக 10.7 பற்கள் சொத்தை விழுந்தோ, அடைக்கப்பட்டோ, சொத்தையால் பிடுங்கப்பட்டோ இருந்தன. இல்லத்துப் பிள்ளைகளுக்கோ 1.6 மட்டுமே! சொத்தையே இல்லாதவர்கள் இல்லத்தில் 53 விழுக்காடு. அரசுப் பள்ளிகளில் 0.4 விழுக்காடு, அதாவது 250 பேரில் ஒருவர்.

இல்லத்துப் பிள்ளைகள் நன்றாகப் பல் துலக்கினார்களோ? இல்லை. அவர்களுள் முக்கால்வாசிப் பேருக்கு ஈறு வீக்கம் இருந்தது. பற்களுக்கு உறுதி தரும் ஃபுளோரைடும் அவர்கள் குடித்த நீரில் மிகக் குறைவே. அப்படியானால் அப்பற்களைக் காத்தது எது?

வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. இதை டபிள்யூ. டி. மில்லர் 1890-ஆம் ஆண்டு வாக்கிலேயே விளக்கினார். 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர், நுண்ணிய மின்முனைகளைப் பல்லின் மீது வைத்து அமிலத்தன்மையை அளந்தார். சர்க்கரைக் கரைசல் பட்ட சில நிமிடங்களில் பி.எச். அளவு சரிந்தது. அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் இன்னொரு மிட்டாயைத் தின்றால், கரைதல் மீண்டும் தொடங்கிவிடும்!

"அந்தப் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே உறுதியான பற்கள் இருந்திருக்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் விடை உண்டு. வளர்ந்து, வெளியே வேலைக்குச் சென்று, விரும்பியதை உண்ணத் தொடங்கியதும் அவர்களுடைய பற்களிலும் சொத்தை வேகமாகப் பெருகியது. ஆகவே பாதுகாப்பு பல்லில் இல்லை, உணவில்தான் இருந்தது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. இல்லத்து உணவு பல வகைகளில் வேறுபட்டது. சர்க்கரைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஸ்வீடனில் லுண்ட் நகரை அடுத்த விப்பெஹோல்ம் காப்பகத்தில் 1945-க்குப் பின் நடந்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின. உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரையால் சொத்தை சிறிதளவே கூடியது. உணவு வேளைகளுக்கு இடையே தின்ற ஒட்டும் மிட்டாய்களால் மிகவும் கூடியது. ஆனால் சோதனைக்கு ஆளானவர்கள், மறுத்துப் பேச இயலாத அறிவுத்திறன் குறைபாடுடையோர். அவர்களுடைய இசைவு பெறப்படவில்லை. அவர்களுடைய பற்கள் வேண்டுமென்றே கெடுக்கப்பட்டன. இந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலையை நாம் மறக்கலாகாது.

பல் துலக்க வேண்டாம் என்பது இதன் பொருளன்று. ஈறுகளுக்குத் துலக்குதல் தேவை. ஃபுளோரைடு கலந்த பற்பசை எனாமலுக்கும் துணை செய்கிறது. ஆனால் துலக்குவது நாளில் இரண்டு வேளைதான். இனிப்பு உங்கள் பற்களில் படுவது எத்தனை வேளை? இன்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்!