தியாகேசர் திருமுன் பாடிய மன்னர்



திருவாரூர்ப் பெருமான், தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனார் பொருட்டுப் பரவையார் திருமாளிகைக்கு நள்ளிரவில் தூது நடந்தவர். அவ்வெளிவந்த கருணையே, பல நூற்றாண்டுகளுக்குப் பின், மராட்டியக் குலத்துத் தோன்றிய ஓர் அரசரையும் ஆட்கொண்டது. அவரே தஞ்சைச் சகஜி மன்னர்.

ஏகோஜியின் மைந்தராகிய சகஜி 1684 முதல் 1712 வரை ஆட்சி புரிந்தார். திருவிசைநல்லூரைப் புலவர்க்கு அளித்தமையால் அவ்வூர் சகஜிராஜபுரம் எனவும் பெயர் பெற்றது. புலவரைப் போற்றிய அரசர் பலர். தாமே புலவராகி இறைவன் திருமுன் நின்றவர் சிலர். சகஜி அச்சிலருள் ஒருவர்.

அவர் தெலுங்கில் இயற்றிய இசைநாடகம் 'பல்லகி சேவா பிரபந்தம்'. பிரிவாற்றாத உமையம்மை தோழியரைத் தூதனுப்ப, தியாகேசர் பல்லக்கில் எழுந்தருளுவதே அதன் பொருள். அன்று அடியவர்க்காகத் தூது சென்றவர், ஈண்டுத் தூதுக்கு இசைந்து வருகின்றார். தியாகேசர்மீது பாடிய பதங்களிலோ, மன்னர் தம் பெயரை முத்திரையாக வைத்தாரல்லர். பெருமான் திருநாமத்தையே வைத்தார். கல்லிலும் செம்பிலும் தம் பெயரைப் பொறிப்பது அரசர் வழக்கம். பாட்டில் அதனை மறைத்தது தொண்டர் உள்ளம்.

இசையிலக்கணத்தையும் அவர் பேணினார். இராகங்களின் இயல்பை விளக்கும் நூலொன்று அவர் பெயரால் வழங்குகின்றது. 1728 முதல் 1736 வரை ஆண்ட அவர்தம் இளவல் துளஜா, 'சங்கீத சாராமிருதம்' என்னும் நூலை யாத்தார். சகஜி மறைந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், அதே திருவாரூரில் 1762-இல் சியாமா சாஸ்திரிகளும், 1767-இல் தியாகராஜரும், அடுத்த பத்தாண்டில் முத்துசாமி தீட்சிதரும் அவதரித்தனர். பெருமான் திருநாமத்தையே பெயராகத் தாங்கினார் ஒருவர். அத்திருக்கோயிலின் மூர்த்திகளைக் கீர்த்தனங்களாற் போற்றினார் மற்றொருவர். மன்னர் பாடிய மண்ணில் இசை மேன்மேலும் தழைத்ததற்கு இவை சான்றாம்.

1855-இல் தஞ்சை மராட்டியர் அரசு முடிவுற்றது. முடியும் கொடியும் போயின, பாட்டு எஞ்சியது. எனினும் மும்மூர்த்திகள் பாடல்களைப் போல மன்னர் பதங்கள் அரங்குகளில் மிகுதியாகக் கேட்கப்படுவதில்லை. சரசுவதி மகால் ஏடுகளைக் காத்துத் தந்தது. ஏடு காப்பது எழுத்தை மட்டுமே. இசை வாழ்வது மிடற்றிலும் செவியிலுமாம். ஆதலின், இசை பயிலும் மக்கள் இப்பதங்களையும் பயில்க. திருவிழாக்களில் அவை ஒலிக்குமாறு அன்பர்கள் ஆவன செய்க. பாடுவோர் வாயில் நிற்பது மன்னர் பெயரன்று, பெருமான் திருநாமமே. அம்மன்னர் விழைந்ததும் அதுவே.

திருச்சிற்றம்பலம்.