குவாங்சோவின் சிவப்பு சோபா

1992 ஏப்ரலில் சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது வெளிநாட்டுத் தம்பதிகளுக்கும் வழி பிறந்தது. ஒரே குழந்தைக் கொள்கையாலும் ஆண் வாரிசு ஆசையாலும் அநாதை இல்லங்களில் பெண் குழந்தைகள் நிரம்பியிருந்த காலம் அது. கைவிடுவது குற்றம் என்பதால் பெற்றோர் சந்தையிலோ யார் வீட்டு வாசலிலோ ரகசியமாக விட்டுப் போனார்கள். பல குழந்தைகளுக்குப் பிறந்த நாளே உத்தேசமாகக் குறித்ததுதான்!

அமெரிக்கத் தம்பதிகள் குழந்தை இருக்கும் மாகாணத்துக்குப் போவார்கள். இல்லத்துக்கு 'நன்கொடை' 3,000 டாலர், ரொக்கமாக. (பெயர்தான் நன்கொடை, கொடுத்தே ஆகவேண்டும்.) பிறகு விசாவுக்காகக் குவாங்சோ. அங்கே ஷாமியன் தீவில், தூதரகத்துக்குப் பக்கத்திலிருந்த ஒயிட் ஸ்வான் ஹோட்டலில் தங்குவார்கள். பட்டுச் சட்டை போட்ட குழந்தைகளைச் சிவப்பு சோபாவில் வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

2005-இல் மட்டும் சுமார் 7,900 குழந்தைகள் அமெரிக்கா போனார்கள். அதே ஆண்டில்தான் ஹுனான் மாகாணத்து ஹெங்யாங்கில் இல்லங்கள் தரகர்களிடம் குழந்தைகளை விலைக்கு வாங்கியது அம்பலமானது. அப்படியானால் யார் கைவிடப்பட்டவர், யார் விற்கப்பட்டவர்?

2024 செப்டம்பரில், உறவினர்கள் தத்தெடுப்பது தவிர மற்றதை எல்லாம் சீனா நிறுத்திவிட்டது. அதற்குள் 1,60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பல நாடுகளுக்குப் போயிருந்தார்கள். அவர்களில் பலர் இப்போது மரபணுச் சோதனை செய்து பெற்றவர்களைத் தேடுகிறார்கள்.